கோதண்டத்தின் கவிதைக்குள் மூன்று நாள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு இரண்டு ஷெட். மூன்றாவது திருமுல்லைவாயிலில். பதினெட்டு மெஷின் ஓடுகிறது, நாற்பத்திரண்டு குடும்பம் சாப்பிடுகிறது. மூன்று பெண்களை இன்ஜினீயர் ஆக்கினேன். எங்கள் தெருப் பிள்ளையாருக்கு மண்டபம் கட்டினேன். எஸ்டேட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற மழையில் மோட்டார்களைக் கழற்றிப் பரணில் ஏற்றி, தண்ணீர் வடிந்த மூன்றாம் நாளே ஷெட்டைத் திறந்தவன் நான் ஒருவன்தான். படித்தது ஆறாம் வகுப்பு. அப்பா கிடையாது, சிபாரிசு கிடையாது. இதெல்லாம் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

போன வருடம் பினாங்கில் இருக்கும் என் நடு மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அதே கட்டடத்தில் தேவிகா என்று ஒரு பேராசிரியை. அந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப் பெண், அங்கே ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். டப்பாப் பால் ஊற்றிய டீயைக் கையில் கொடுத்து, எந்த ஊர் என்று கேட்டார். அம்பத்தூர் என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. என் கம்பெனி போல்ட்டு அந்த ஊர் வரைக்கும் போகிறது, பெயரைக் கேள்விப்பட்டிருப்பார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“அம்பத்தூரா? அப்ப கவிஞர் கோதண்டத்தைத் தெரியுமா ஐயா?”

டீ கசந்துவிட்டது.

கோதண்டத்தை எனக்குத் தெரியாதா? ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தோம். மண்ணூர்பேட்டையில் ஒரே அறை, ஒரே பாய். அவன் லேத்தில் நின்றான். வேலை நேரம் போகப் பாட்டுமில்லாமல் வசனமுமில்லாமல் ஏதோ எழுதுவான். புதுக்கவிதை என்று அதை யாரும் மதிக்காத காலம். நிலாவையும் பெண்ணையும் எழுதாமல் பஸ்ஸையும் சாக்கடையையும், ஏ.சி. ரூமில் இருப்பவனையும் எண்ணெய்த் துணியோடு நிற்பவனையும் எழுதினான். நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு புத்தகம் வந்தது. அதோடு விட்டுவிட்டான். பட்டணத்து ஏற்றத்தாழ்வை முதன்முதலில் இப்படி எழுதியவர்களில் அவனும் ஒருவன் என்று தேவிகா சொன்னார். பினாங்குப் பிள்ளைகள் அதைப் பாடமாகப் படிக்கிறார்களாம். நாற்பத்தெட்டுப் பக்கம்! என் ஷெட்டில் ஒரு மெஷினோடு வரும் கையேடே அதைவிடத் தடிமன்.

புத்தகத்தைத் திரும்ப அச்சிடப் போவதாகவும், ஒவ்வொரு கவிதைக்கும் அடியில் அது பிறந்த இடம், அதில் வரும் ஆட்கள், உதவியவர்கள் என்று குறிப்புப் போடப் போவதாகவும், அதற்காக நேரில் வரப் போவதாகவும் சொன்னார். உடனே, நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றேன். நல்ல மனதால் சொல்லவில்லை. அந்தக் குறிப்புகளில் என் பெயர் வரவேண்டும். அதற்குத்தான்.

போன மாதம் வந்தார். பினாங்குக்குப் போன பயணத்தை எழுதச் சொன்னால் எழுத ஒன்றுமில்லை. சுத்தமான ரோடு, சொன்ன இடத்தில் நிற்கும் பஸ். என் சொந்த ஊரில் போன இந்த மூன்று நாள்தான் எனக்கு வெளியூராக இருந்தது.

முதல் நாள் ஆவடியில் ஆரம்பித்தோம். கோதண்டத்தின் முதல் கவிதை ஆவடியில் புறப்படும் காலை ரயிலைப் பற்றியது. அவன் திருமுல்லைவாயிலில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் வேறு ஊரில். முதலில் அங்கே போனோம். கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, “இன்னாடா தணிகாசலம், கார்ல கண்ணாடி ஏத்திக்கினே போவியே, இன்னிக்கி எறங்கிட்ட?” என்றான். பேராசிரியை சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஆவடி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இட்லிக்கு வடகறி. தேவிகாவுக்கு வடகறி புதிது. முந்தின நாள் வடையா என்று கேட்டார். இல்லையம்மா, இதற்கென்றே பருப்பை அரைத்து வேகவைத்துச் செய்வார்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கோதண்டம் நடுவில் புகுந்து, வடகறி அவனுடைய எந்தக் கவிதையில் வருகிறது என்று சொல்லிவிட்டான். பேனா ஓடியது. வடகறிக்குக்கூடப் புத்தகத்தில் இடம் கிடைத்தது.

ரயிலில் நான்தான் முன்னால் ஏறினேன். பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டும். முப்பது வருடமாக நான் ரயிலேறியதில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அம்பத்தூரில் நின்றது. அப்புறம் பட்டரவாக்கம் பிளாட்பாரம் ஜன்னலில் சர்ரென்று ஓடியது. கொரட்டூரும் ஓடியது. பெரம்பூரில் போய்த்தான் நின்றது. ஏறியது ஃபாஸ்ட் லோக்கல்.

“தெரிஞ்சிக்கினேவா உக்காந்துகினு இருந்த?” என்றேன்.

“நாந்தான் இட்டுக்கினு போறேன்னு நீ சொன்ன. நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்?” என்றான் கோதண்டம்.

திரும்பி வந்து பட்டரவாக்கத்தில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. கேட் பக்கத்து டீக்கடையில் நின்றோம். அங்கே ஷிப்ட் முடிந்த இரண்டு வடநாட்டு ஆட்கள் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் ஷெட்டில் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான், அதனால் எனக்குப் புரியும். ஒருவன் சொன்னான்: “அந்த வெள்ளைச் சட்டைக் கிழவனைப் பார், இந்த ரோட்டையே அவன்தான் போட்டவன் மாதிரி நிற்கிறான்.” இன்னொருவன்: “பக்கத்தில் இருக்கும் கிழவன் நம்ம ஆள். விரலைப் பார், லேத்துக்காரன்.” இதை நான் தேவிகாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. கோதண்டத்துக்கும் இந்தி தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

மண்ணூர்பேட்டையில் நாங்கள் இருந்த அறை இப்போது ஒரு பெண்கள் ஹாஸ்டலின் மாடிப்படிக்குக் கீழே அடங்கிவிட்டது. தேவிகா போட்டோ எடுத்தார். என் பங்கைச் சொல்ல நேரம் வந்தது என்று ஆரம்பித்தேன். இவன் கவிதை எழுதிய அட்டையெல்லாம் ஷெட்டில் வேலைக் கணக்கு எழுதித் தீர்ந்துபோன ஜாப் கார்டுகள். அவற்றைத் தூக்கிப் போடாமல் எடுத்து வந்து கொடுத்தது நான். ஒரே குண்டு பல்பை இவன் பக்கம் இழுத்துக் கட்டிவிட்டு இருட்டில் படுத்தது நான். பூந்தமல்லி அச்சுக்கூடத்துக்குக் கையெழுத்துப் பிரதியை மடியில் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தது நான். தேவிகா மரியாதையாகத் தலையாட்டினார். பேனா நகரவில்லை. உதவியவர்கள் என்பது எழுத்துக்கு உதவியவர்கள் என்றும், அறை நண்பர்கள் எல்லோரையும் போட முடியாது என்றும் மெதுவாகச் சொன்னார். கவிஞர் உறுதிப்படுத்தியதை மட்டும்தான் குறிப்பில் சேர்ப்பாராம். நான் கோதண்டத்தைப் பார்த்தேன். அவன் ஹாஸ்டல் வாசலில் கிடந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் எஸ்டேட். நாங்கள் வேலை பார்த்த ஷெட் இருந்த இடத்தில் இப்போது முழுக்கக் கண்ணாடி போட்ட ஐ.டி. கட்டடம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். வாசல் செக்யூரிட்டி தடுத்தார். நான் யார் என்று சொன்னேன், எத்தனை வருடமாக இதே எஸ்டேட்டில் இருக்கிறேன் என்று சொன்னேன். “விசிட்டர் பாஸ் இருக்கா சார்?” என்றார் அவர். விழுப்புரம் பக்கத்து ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

தேவிகா, இங்கேதான் ஒரு கவிஞர் வேலை செய்தார், இவர்தான் அவர் என்று கையைக் காட்டினார். பெயரைக் கேட்டதும் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். கழற்றி, “எட்டு மணிக் கவிதை எழுதினவருங்களா?” என்றார். அவர் மகள் கல்லூரிப் போட்டியில் அந்தக் கவிதையைச் சொல்லிப் பரிசு வாங்கினாளாம். அதைப் பாடம் பண்ணும்போது, அப்பா, இது உன் சூப்பர்வைசரைப் பத்தி எழுதினது மாதிரியே இருக்கே என்றாளாம். நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒரே நாற்காலி. அது யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐம்பது வருடமாக அந்த ரோட்டில் போகிறேன். ஒரு வாட்ச்மேன் எனக்காகத் தொப்பி கழற்றியதில்லை. வயிறு எரிந்தது என்று எழுதினால் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். எரியத்தான் செய்தது, எழுதுகிறேன்.

அதனால்தான் அவர்களை இழுக்காத குறையாக என் ஷெட்டுக்குக் கூட்டிப் போனேன். மெஷின்களைக் காட்டினேன். கேன்டீனைக் காட்டினேன், ஓனருக்கும் ஆட்களுக்கும் ஒரே சாம்பார், கேட்டுப் பாருங்கள் என்றேன். தேவிகா உண்மையாகவே வியந்து பார்த்தார். கொஞ்சம் குளிர்ந்தேன். அப்போது கோதண்டம் வாசலுக்கு மேலே மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தின் கீழே நின்றுவிட்டான். நிமிர்ந்து பார்த்தான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அதையும் பார்த்தான். மறுபடி நிமிர்ந்தான்.

“இன்னா பாக்குற?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. சரியாத்தான் கீது” என்றான்.

குறை சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. தேவிகா என்னவென்று கேட்டதற்கு, வயசாகிவிட்டது அம்மா, மாத்திரை போட நேரம் பார்த்தேன் என்று மழுப்பினான். அவன் மாத்திரை போடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தேவிகாவிடம் கேட்டு வாங்கி வந்த புத்தகத்தைத் திறந்தேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஐம்பது வருடத்தில் அதை நான் படித்ததேயில்லை. அச்சாகி வந்த காலத்தில் எழுத்துக்கூட்டித்தான் எனக்குப் படிப்பு. பிறகு ஆர்டர் பேப்பர் படித்துப் படித்து நன்றாகவே வந்துவிட்டது. ஆனால் அப்போதும் அவன் புத்தகத்தைத் தொட மனம் வரவில்லை. முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது செக்யூரிட்டி சொன்ன கவிதை:

எங்கள் ஷெட்டில்
காலை எட்டு மணி
ஊருக்கு முன்னால் வந்துவிடும்.
மாலை ஐந்து மணி
ஊருக்குப் பின்னால் வரும்.
இடையில் சிந்திய நிமிடங்களை
மேஸ்திரி
ஸ்டூல்மேல் ஏறிப்
பொறுக்கிக்கொள்கிறான்.

மூன்று முறை படித்தேன். மனைவி காபி வைத்துவிட்டுப் போனாள். அது ஆறிப்போயிற்று.

மூன்றாம் நாள் பூந்தமல்லி. மெட்ரோ தூண்களுக்கு நடுவில் கார் முக்கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. அச்சுக்கூடம் இருந்த கடையில் இப்போது கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸ் போர்டும் போடுகிறார்கள். நடத்துபவர் பழைய முதலாளி பாயின் மகன். அப்பா ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துத்தான் அந்தப் புத்தகத்தை அடித்தார் என்று சொல்லி, கோதண்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, நீங்கள் சாருக்கு டிரைவரா என்று கேட்டார். வேண்டுமென்று கேட்கவில்லை, சாவி என் கையில் இருந்தது.

பக்கத்திலேயே பிரியாணிக் கடை. சீரகச் சம்பா, கத்தரிக்காய் தாளிச்சா. பினாங்கில் மகள் வாங்கித்தந்த பிரியாணியை இதோடு வைத்துப் பேசவே கூடாது. தேவிகா சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்ததும் குறிப்புகளைக் கோதண்டத்துக்கு வாசித்துக் காட்டினார், சரிபார்ப்பதற்காக. முப்பத்தோராம் பக்கம் வந்தது. கடிகாரம் என்பது இயந்திர நாகரிகத்தின் படிமம். மேஸ்திரி, காலம் என்னும் அதிகாரத்தின் உருவகம். கற்பனைப் பாத்திரம் எனக் கவிஞர் உறுதிப்படுத்துகிறார்.

“உருவகமா?” என்றேன். என் இலையில் சோறு அப்படியே இருந்தது. “உருவகம் ஸ்டூல்லேர்ந்து வியுந்து முட்டிய ஒடச்சிக்குமாம்மா?”

தேவிகாவுக்குப் புரியவில்லை. வேட்டியை முழங்கால் வரை தூக்கித் தழும்பைக் காட்டினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

ஷெட்டில் ஒரே ஒரு கடிகாரம். வாட்ச் கட்டியவர் ஓனர் ஒருவர்தான். சுற்றியிருந்த கம்பெனிச் சங்குகள் ஆளுக்கொரு நேரத்தில் ஊதும், அவற்றை யாரும் நம்புவதில்லை. காலையில் ஆட்கள் வருவதற்கு முன் முள்ளைச் சரியான நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைப்பேன். எட்டுக்கு வந்தவன் எட்டு ஐந்துக்கு வந்தவனாகிவிடுவான், அரை நாள் கூலி போய்விடும். மத்தியானம் எல்லோரும் சாப்பிட வெளியே போனதும் பத்து நிமிடம் பின்னால் இழுத்து வைப்பேன். சாயங்காலம் சங்கு ஊதினாலும் எங்கள் கடிகாரப்படி இன்னும் நேரம் இருக்கும். ஓனர் சொன்னார், நான் செய்தேன். இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் செய்தேன். இதைச் செய்யத்தான் என்னை மேஸ்திரி ஆக்கியிருந்தார். மேஸ்திரியாக இருந்த பழக்கத்தில்தான் எனக்கு முதல் ஆர்டர் கிடைத்தது. முதல் ஷெட் அதிலிருந்து வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

“ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?” என்று கோதண்டத்தைக் கேட்டேன்.

ஒருநாள் பட்டரவாக்கம் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தானாம். ஓடிய நேரத்தைச் சேர்த்தாலும் எட்டாகியிருக்க முடியாது. ஆனால் ஷெட்டில் அரை நாள் வெட்டினேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தானாம், ஸ்டூலின் மேல். அந்த ராத்திரியும் என் பக்கத்தில் அதே பாயில்தான் படுத்தான். சங்கத்தில் சொல்லியிருந்தால் என்னை அடித்தே துரத்தியிருப்பார்கள். சொல்லவில்லை. நான் எடுத்து வந்து கொடுத்த அட்டையில் எழுதினான். அதை மடியில் கட்டிக்கொண்டு பூந்தமல்லிக்கு சைக்கிள் மிதித்ததும் நான்.

தேவிகா பேனாவை மூடி வைத்துவிட்டிருந்தார். திறங்கள் என்றேன். கற்பனைப் பாத்திரம் என்பதை அடித்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னேன்.

“வாணாம்டா” என்றான் கோதண்டம். “ஒனக்குப் பேரப்புள்ளைங்க கீதுங்க. படிக்கும்ங்க.”

“படிக்கட்டும்.”

“அதுக்கு மட்டும் சொல்லல. பேரு போட்டா அது ஒன் ஒருத்தன் கதையாப் பூடும். பேரு இல்லாங்காட்டிதான் அந்த செக்யூரிட்டி பொண்ணு அவங்கப்பா சூப்பர்வைசர நெனச்சிது. ஊர்ல கீற அத்தினி மேஸ்திரியும் அதுக்குள்ள வந்துட்டாங்க. நீ வந்து குந்திக்கினா மத்தவனுக்கு எடம் ஏது?”

அவனுக்குப் பேச வரும். எனக்கு அப்படி வராது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “ஊர்ல எத்தினி மேஸ்திரி வேணா இருக்கட்டும். அந்த ஸ்டூல்ல ஏறுனது நானு. நீ பாத்தது என்னியத்தான். வேற எவனோ ஒருத்தன் வந்து அந்த எடத்துல நிக்கறத நான் வுடமாட்டேன்.”

கடைக்காரர் இன்னும் கொஞ்சம் தாளிச்சா கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனார். கோதண்டம் அதைச் சோற்றில் பிசைந்தான். பிறகு, “நல்லதுல பங்கு கேப்பானுங்க, பாத்துகீறேன். இதுல பங்கு கேக்கறவன இப்பத்தான்டா பாக்கறேன்” என்றான். அதில் கேலி கொஞ்சம்தான் இருந்தது.

தேவிகா நடுவில் மாட்டிக்கொண்டார். கவிஞர் சம்மதம் இல்லாமல் பெயர் சேர்க்க முடியாது, உண்மை தெரிந்த பிறகு கற்பனை என்று அச்சிடவும் மனம் வராது என்றார். நீங்கள் இருவரும் ஒரே முடிவுக்கு வாருங்கள் ஐயா, நான் காத்திருக்கிறேன் என்றார்.

கோதண்டம் எழுந்து கைகழுவப் போகும்போது திரும்பி, “நீயே எயுதிக் குடு. நடந்தத நடந்த மாதிரி, உன் கையால. அத்தப் படிச்சிட்டு சரின்னு தோணினா கையெயுத்துப் போடறேன். எயுதறது இன்னா கஷ்டம்னு ஒனக்கும் தெரியட்டும்” என்றான்.

தேவிகா அடுத்த நாள் ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் பதினோரு நாளாக எழுதுகிறேன். ஒரு மெஷினைப் பிரித்து மாட்டுவதைவிடக் கஷ்டம். எழுதி எழுதி அடித்தேன். என் பெண்கள் படித்துவிட்டு இதை வெளியே காட்டாதே என்றார்கள். பெரியவள் இரண்டு நாளாகப் பேசவில்லை. நான் ஒரு வரியையும் எடுக்கவில்லை.

கோதண்டம், உன் புகழில் எனக்குப் பொறாமை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அட்டை கொடுத்ததையும், பல்பை உன் பக்கம் கட்டியதையும், சைக்கிள் மிதித்ததையும் விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது செய்திருப்பார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. புதுப் பதிப்பில், அந்தக் கவிதையின் அடியில், கற்பனைப் பாத்திரம் என்ற இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு இப்படிப் போட வேண்டும்: இதில் வரும் மேஸ்திரி, அம்பத்தூர் எ. தணிகாசலம். முள்ளைத் திருப்பியது இவர் கை. கையெழுத்துப் போடு.